ஏரிக்குள் விளைந்த கேழ்வரகு

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பெய்யவில்லை. கார்த்திகையில் இரண்டு நாள் தூறிவிட்டு நின்றுபோனது. மார்கழி பிறந்தபோது எங்கள் ஊர் ஏரியில் மதகுக்குப் பக்கத்தில் ஒரு குட்டை அளவு தண்ணீர்தான் கிடந்தது. தை வந்ததும் அதையும் மாடுகள் குடித்துத் தீர்த்துவிட்டன. அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. சரியாக எந்த வருஷம் என்று கேட்டால், என் மூத்த மகளுக்கு மூன்று வயது நடந்த வருஷம் என்றுதான் எனக்குச் சொல்ல வரும்.

நான் ராஜகுளத்தில் பிறந்து உத்திரமேரூர் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். பிறந்த வீட்டிலும் நிலம் இல்லை, புகுந்த வீட்டிலும் இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போவார்கள். பாதிப் பேர் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். திங்கட்கிழமை காலையில் எல்லோரும் ஒரே வயலில்தான் குனிந்து நிற்போம். நடவு, களை, அறுப்பு எதற்கும் கூலி நெல்லாகவே வரும். ஏரி நிரம்பாவிட்டால் நடவு இல்லை. நடவு இல்லாவிட்டால் எங்கள் பானையில் ஒன்றும் இல்லை.

ஆண்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். என் வீட்டுக்காரர் மெட்ராஸில் ஒரு மரக்கடையில் சுமை தூக்கப் போனார். தெருவில் பெண்களும் பிள்ளைகளும் வயதானவர்களும் மிஞ்சினோம். உத்திரமேரூர் ரேஷன் கடையில் விடிவதற்கு முன்னே போய் வரிசையில் நிற்போம். அரிசி வந்தால் அதிர்ஷ்டம். பல நாள் கோதுமைதான் போட்டார்கள். அதை என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியாது. நெல்லரிசி மாதிரி உலையில் கொட்டி வேகவைத்தோம். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

ஒரு நாள் கோதுமையும் தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டார். நானும் எதிர்வீட்டு அக்காவும் வெறும் பையோடு திரும்பினோம். அக்கா புருஷனை இழந்தவள், மூன்று பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அன்றைக்கு அவளும் தலையைக் குனிந்தே நடந்தாள். வெயிலுக்குப் பயந்து கரைமேல் சுற்றாமல் ஏரிக்குள்ளேயே குறுக்கே நடந்தோம். தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஏரியின் நடுவில், பள்ளமான இடத்தில், ஒரு பொன்னாங்கண்ணிக் கொடி பச்சையாகப் படர்ந்திருந்தது. அக்கா கீரையைக் கிள்ளக் குனிந்தாள். கொடி வேரோடு வந்தது. வேரில் ஒட்டியிருந்த மண் களிபோல ஈரமாக இருந்தது.

"இங்க பாருமே, உள்ள ஈரம் கீது" என்றாள்.

உட்கார்ந்து கையால் தோண்டினோம். முழங்கை ஆழம் போனதும் விரல் நுனியில் குளிர்ச்சி பட்டது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தால் குழியின் அடியில் கலங்கலாகத் தண்ணீர் கசிந்து நின்றது. என் மகள் குடிக்கிற பால்டம்ளர் அளவு இருக்கும். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கீழ தண்ணி கீது. மேல இம்மாம் பெரிய நெலம் சும்மா கெடக்குது. கேவுரு போட்டா இன்னா?"

"வெதைக்கு எங்கமே போறது? வெதைய எல்லாம் மார்கழியிலயே அரைச்சித் துண்ணாச்சே."

அதுவும் உண்மைதான். எங்கள் தெருவில் ஒரு வீட்டில்கூட விதைக்கென்று ஒரு பிடி கேழ்வரகு இல்லை.

மறுநாள் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, திருப்புலிவனம் வரைக்கும் நடந்து, அங்கே பஸ் பிடித்து என் தாய்வீட்டுக்குப் போனேன். என் நைனா ராஜகுளத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தின் கிணற்றுத் தோட்டத்தில் வேலை செய்தார். அந்தக் கிணறு மட்டும் வற்றவில்லை. அவருக்குக் கூலியாகக் கிடைத்த கேழ்வரகில், கதிர் பெருத்ததாகப் பார்த்து எடுத்து, வேப்பிலை போட்டு ஒரு மண்பானையில் மூடி வைத்திருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் என் முகத்தைப் பார்த்தார். நான் இளைத்திருந்தது அவருக்குத் தெரிந்திருக்கும். பானையோடு தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"வழியில யாராவது கேட்டா இது வெதைன்னு சொல்லு. வூட்டுல கேட்டாலும் அதையே சொல்லு" என்றார்.

அவர் சொன்னது எதற்கென்று வீட்டுக்குப் போனதும் புரிந்தது. என் மாமியார் பானையை வாங்கிப் பார்த்தார். கண்கள் விரிந்தன. கையை விட்டு அளைந்தார். அடுத்த நிமிஷம் மாவரைக்கிற கல் எந்திரத்தை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். என் மகள் அவர் மடியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, அது வெதை" என்றேன்.

"எது வெதை? கொழந்த காலையிலேர்ந்து தண்ணியக் குடிச்சிட்டுக் கீது. வெதையாம் வெதை!"

"ஏரிக்குள்ள போடப் போறேன் அத்தே. மூணு மாசத்துல கதிர் வந்துடும்."

"மூணு மாசம் உயிரோட கீறது யாருமே? நீயா, நானா?"

பானையை அவர் பக்கம் இழுத்தார். நான் என் பக்கம் இழுத்தேன். கொஞ்சம் கேழ்வரகு தரையில் சிதறியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து பொறுக்கினோம். பொறுக்கும்போது அவர் அழுதுகொண்டிருந்தார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் நான் பானையை விடவில்லை. என் வாழ்க்கையில் பெரியவர்களை எதிர்த்து நான் செய்த முதல் காரியம் அதுதான். தரையிலிருந்து பொறுக்கியதை மட்டும் அவர் கையில் கொடுத்தேன். அதை அரைத்து, நிறைய முருங்கைக் கீரை போட்டு, கரைத்த மாதிரி ஒரு கூழ் காய்ச்சினார். அன்றைக்கு அதுதான் சாப்பாடு. மூன்று நாள் என்னோடு அவர் பேசவில்லை.

பன்னிரண்டு பெண்கள் சேர்ந்தோம். ஏரியின் பள்ளத்தில் இடுப்பு ஆழத்துக்கு ஊற்றுக்குழிகள் வெட்டினோம். ஒரு குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கும்போது அடுத்த குழியில் மொள்ளுவோம். ஒரு மூலையில் நாற்று விட்டோம். நாற்று முளைத்து வருகிற நாட்களில் சுற்றிலும் மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டினோம். ஏரி வண்டலுக்கு எரு வேண்டாம், அதுவே எரு. கையில் அள்ளினால் கறுப்பாக, வெண்ணெய் மாதிரி இருக்கும். அத்தனை வருஷம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள் நாங்கள். எங்களுக்கென்று நட்டபோது கை தானாக வேகம் பிடித்தது. மாசி பிறந்தபோது பள்ளம் முழுக்கப் பச்சை தெரிந்தது. பாத்தி ஓரங்களில் பூசணியும் வெள்ளரியும் ஊன்றினோம்.

அப்போதுதான் ஆண்டை வந்தார். ஊரிலேயே அதிக நிலம் வைத்திருந்தவர் அவர். ஏரித் தண்ணீர் முதலில் பாய்வது அவர் வயலுக்குத்தான். எங்களில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் வேலை செய்தவர்கள். கரைமேல் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"இன்னாமே இது? ஏரி இன்னா உங்க அப்பன் வூட்டுச் சொத்தா?"

எல்லோரும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு நின்றோம். எதிர்வீட்டு அக்கா மட்டும் நிமிர்ந்தாள்.

"இல்ல ஆண்டே. உங்க அப்பன் வூட்டுச் சொத்தும் இல்லியே."

அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் முகம் சிவந்தது. ஆனால் அடிக்க வரவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். அதில் கோபத்தைவிடக் கவலை அதிகம் இருந்தது.

"இன்னிக்குக் கேவுரு நடுவீங்க. நாளைக்குக் குடிசை போடுவீங்க. அப்பால ஏரி எங்க? எங்க வயலுக்குத் தண்ணி எங்க? வயலு இல்லன்னா உங்களுக்குத்தான் வேலை எங்க?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பல ஊர்களில் ஏரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறார்கள். தின்றவர்கள் பெரும்பாலும் பெரிய வீட்டுக்காரர்கள் என்பது வேறு விஷயம். நான் முன்னே போனேன்.

"எழுதிக் குடுக்கறோம் ஆண்டே. ஏரிக்குத் தண்ணி வந்த அன்னிக்கே நாங்க ஏறிடுறோம். குடிசை போட மாட்டோம். குழியில வெட்டின வண்டல் எல்லாம் கரையோரம் குமிச்சி வெச்சிக் கீறோம். உங்க வயலுக்கு வண்டி கட்டி ஏத்திக்கினு போங்க."

"எழுதறது யாரு?"

"நாந்தான்."

மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரைக்கும் படித்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படிப்பை எதற்கும் எடுத்ததில்லை. அன்றைக்கு அக்காவின் மகளுடைய நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாள் கிழித்து, ஏரிக்கரை ஆலமரத்தடியில் உட்கார்ந்து எழுதினேன். மற்ற பதினோரு பேரும் கைநாட்டு வைத்தார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். ஆண்டை தாளை வாங்கி இரண்டு தடவை படித்தார். "ஆபீஸ்ல ஒத்துக்கிட்டாத்தான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

உத்திரமேரூர் பிளாக் ஆபீசுக்கு நானும் அக்காவும் போனோம். அங்கே சுவரில் உணவு உற்பத்தியைப் பெருக்குங்கள் என்று பெரிய தாள் ஒட்டியிருந்தது. அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, "யாரும்மா எழுதினது?" என்று கேட்டார். நான் என்றேன். "எழுத்து அழகா இருக்கு" என்று சொல்லி முத்திரை குத்தினார். ஒரு பருவத்துக்கு மட்டும், தண்ணீர் வந்தால் காலி செய்ய வேண்டும் என்று பச்சை மையில் எழுதியிருந்தார். அக்கா அந்தத் தாளை முந்தானையில் முடிந்துகொண்டு ஊர் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

அதோடு தொல்லை தீரவில்லை. பங்குனியில் ஒரு காலை நேரம் ஆண்டையின் மாடுகள் பயிருக்குள் இறங்கிவிட்டன. தானாக இறங்கியதா, யாராவது ஓட்டிவிட்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நாங்கள் ஓடுவதற்குள் நாலு பாத்தி போய்விட்டது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். அப்போது கரைமேலிருந்து ஒரு ஆள் இறங்கி வந்தது. என் மாமியார். அதுவரை ஒரு நாள்கூட அவர் ஏரிக்கு வந்ததில்லை. மேய்ந்துகொண்டிருந்த மாடுகளில் பெரியதாகப் பார்த்து, கொம்பில் கயிற்றைப் போட்டு, இழுத்துக்கொண்டு போனார். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். அவர் ஊருக்குள் நேராக நடந்து ஆண்டையின் வாசல் தூணில் மாட்டைக் கட்டினார். இடுப்பில் செருகிக்கொண்டு வந்த, மாடு மிதித்த ஒரு பிடி பயிரை எடுத்துத் தரையில் வைத்தார்.

"ஆண்டே, உங்க மாடு வழி தெரியாம எங்க வூட்டுப் பந்தியில குந்திட்ச்சி. அது துண்ணது என் பேத்தியோட சோறு. மாட்டுக்குப் புத்தி இல்ல, பரவாயில்ல. கட்டிப் போடுங்க."

உள்ளேயிருந்து ஆண்டையின் மனைவி வந்து அந்தப் பயிரைப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார். ஆண்டையே மாட்டை அவிழ்த்துக் கொட்டிலுக்கு ஓட்டிப் போனார். அதற்குப் பிறகு எந்த மாடும் ஏரிக்குள் வரவில்லை. திரும்பி வரும்போது மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னாமே, கைய வுடு, எல்லாம் பாக்குதுங்க" என்றார். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மறுநாளிலிருந்து குடத்தோடு முதல் ஆளாக நின்றார்.

சித்திரையில் கதிர் பிடித்தது. விரல் மடக்கின மாதிரி கேழ்வரகுக் கதிர்கள். தினமும் காலையில் போய்க் கதிரைத் தொட்டுப் பார்ப்போம். பூசணி, வெள்ளரி முன்னமே வந்துவிட்டதால் பிள்ளைகள் வயிறு கொஞ்சம் நிறைந்திருந்தது. இன்னும் பத்து நாள் போனால் அறுக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம்.

அந்த நேரம் பார்த்துத்தான் மழை வந்தது. சித்திரையின் கடைசியில் ஒரு சாயங்காலம் மேற்கே கறுத்து, இடியோடு கொட்டியது. ஊரே வாசலில் நின்று நனைந்தது. நாங்கள் மட்டும் வானத்தைப் பார்த்துப் பயந்தோம். மழைக்குப் பயந்த கூலிக்காரர்கள் நாங்களாகத்தான் இருப்போம். எங்கள் ஏரிக்கு மேலே இருக்கிற ஏரியிலிருந்து ஒரு வரத்துக்கால்வாய் வருகிறது. மழைத் தண்ணீர் அதில் திரண்டு வந்தால் முதலில் நிரம்புவது பள்ளம், அதாவது எங்கள் பயிர்.

விடியற்காலையில் எல்லோரும் ஓடினோம். கால்வாயில் செங்காவித் தண்ணீர் வேகமாக வந்துகொண்டிருந்தது. ஏரிக்குள் விழுகிற இடத்தில் பனைமட்டையும் மண்ணும் போட்டு அடைத்தோம். கொஞ்ச நேரத்தில் ஆண்டை மண்வெட்டியோடு வந்து நின்றார். அவருக்குப் பின்னால் ஊர் விவசாயிகள் நாலைந்து பேர்.

"எழுதிக் குடுத்தது நீங்கதான்" என்றார். "தண்ணி வந்துட்ச்சி."

"வந்துட்ச்சி ஆண்டே" என்றேன். "நாங்க ஏறிடுறோம். சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

"ஒரு நாள்ல எப்டிமே அறுப்பீங்க? கதிரு இன்னும் பச்சையாக் கீது."

"முக்காலு பழுத்துட்ச்சி. அறுத்துக் குமிச்சி வெச்சா மிச்சமும் பழுத்துடும்."

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினோம். தெருவில் நடக்க முடிந்தவர்கள் எல்லாம் வந்தார்கள். ஜெபவீட்டு உபதேசியாரும் வந்தார், அம்மன் கோயில் பூசாரியும் வந்தார். கதிரைக் கிள்ளிக் கூடையில் போட, கூடையைக் கரைக்குத் தூக்க, கரையிலிருந்து தெருவுக்குச் சுமக்க என்று ஆள் வரிசையாக நின்றது. என் மாமியார் கரையில் நின்று எல்லோருக்கும் மோர்த்தண்ணீர் மாதிரி எதையோ கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன். ஆண்டை அந்த அடைப்பின்மேல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பனைமட்டையை முட்டி ஒரு ஓரத்தில் கசிந்தது. அவர் மண்வெட்டியால் ஒரு கட்டி மண் எடுத்து அந்த ஓட்டையில் வைத்து, காலால் மிதித்தார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பொழுது சாய்ந்தபோது பள்ளத்தில் கதிர் அறுத்த வெறும் தாள்தான் நின்றது. அக்கா கரையேறி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு கத்தினாள்.

"ஆண்டே, வெட்டி வுடுங்க!"

அவர் வெட்டினார். தண்ணீர் புரண்டு வந்து எங்கள் குழிகளை ஒவ்வொன்றாக நிரப்பியது. பிள்ளைகள் கூவிக்கொண்டு அதில் குதித்தார்கள். எங்கள் பன்னிரண்டு பேரில் யாருக்கும் நிற்கத் தெம்பில்லை. கரையில் சரிந்து உட்கார்ந்து சிரித்தோம்.

கதிரைக் குவித்து, வைக்கோல் மூடி, நாலு நாள் கழித்து அடித்தோம். பன்னிரண்டு வீட்டுக்கும் பங்கு போட்டது போக, உழைக்க முடியாத கிழவர்கள் வீடுகளுக்கும் அளந்தோம். தெருவில் எல்லா வீட்டிலும் எந்திரம் சுற்றுகிற சத்தம். என் மாமியார் களி கிண்டி, நடுவில் குழி பண்ணி, கருவாட்டுக் குழம்பு ஊற்றி என் முன்னால் வைத்தார். "துண்ணு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என் மகள் களி உருண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு அப்படியே தூங்கிப்போனாள். அந்த வாரம் ரேஷன் கடை வரிசையில் எங்கள் தெரு ஆள் ஒருவர்கூட நிற்கவில்லை. ஆண்டை வீட்டிலிருந்துதான் ஒரு நாள் கூடை வந்தது. அவர் மனைவியே எடுத்துக்கொண்டு வந்தார். கோதுமைக் கஞ்சி பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்சம் கேழ்வரகு கிடைக்குமா என்று கேட்டார். என் மாமியார் கோபுரமாக அளந்து கொடுத்தார். பதிலுக்கு அவர் ஒரு சொம்பு நல்லெண்ணெய் வைத்துவிட்டுப் போனார்.

பெரிய மழை அடுத்த ஐப்பசியில் நேரத்தோடு வந்தது. ஏரி நிரம்பியது. நடவுக்குக் கூப்பிட ஆண்டையின் ஆள் வந்தான். பழைய கூலி, கூலி நெல்லை அளக்கிற பழைய படி. அந்தப் படி எங்கள் ஊரில் எப்போதும் கொஞ்சம் சின்னது, எல்லோருக்கும் தெரியும். வழக்கமாக நாங்கள் ஒன்றும் பேசாமல் கிளம்பிவிடுவோம். கிளம்பாவிட்டால் அன்றைக்கு உலை இல்லை.

அன்றைக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. அக்கா தன் வாசலில் உட்கார்ந்து மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படிய மாத்தச் சொல்லு, வரோம்" என்றாள்.

"மாத்த மாட்டாரு."

"அப்ப வர மாட்டோம். வூட்டுல கேவுரு கீது."

எங்கள் தெருவில் யாரும் வேலைக்கு மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. சொல்ல முடியாததற்குக் காரணம் பயம் என்று நினைத்திருந்தேன். வெறும் பானைதான் காரணம் என்று அன்றைக்குத் தெரிந்தது. இரண்டு நாள் நாங்கள் வீட்டிலேயே இருந்தோம். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை ஆண்டையே தெருமுனைக்கு வந்தார். கையில் புதுப் படி ஒன்று இருந்தது, உத்திரமேரூர் சந்தையில் வாங்கியது, அளவு சரியென்று சர்க்கார் முத்திரை குத்திய படி. அக்கா அதை வாங்கி உள்ளே கைவிட்டுப் பார்த்தாள், விளிம்பைத் தடவினாள், அடியைத் தட்டிப் பார்த்தாள்.

"சரியாக் கீது" என்று எங்களைப் பார்த்துச் சொன்னாள்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எல்லோரும் வயலுக்கு நடந்தோம்.